பரிமளம் மிஸிக்கு நாய் பார்த்த கதை

முப்பத்துமூன்று வருஷம் அரசாங்கச் சம்பளம் வாங்கி மாட்டோடும் எருமையோடும் மாரடித்தவன் நான். உன்னிச்சைக் குளத்தின் ஓரத்தில் முழங்கால் சேற்றில் நின்று நான் சினைப்படுத்திய மாடுகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றைக்கும் மட்டக்களப்புக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. ஆனால் சந்தையில் என்னைக் காணும் சனம் அதையெல்லாம் நினைப்பதில்லை. "இந்தா, நாய்ப் புரோக்கர் போறார்" என்றுதான் சொல்கிறது. ஓய்வுபெற்ற புதிதில் கோபம் வந்தது. இப்போது திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டுகிறேன்.

போன கிழமை என் பழைய கந்தோரிலிருந்து கஜேந்தினி ஃபோன் எடுத்தாள். என் கதிரையில் இப்போது இருக்கும் பிள்ளை அவள்.

"சேர், வெளிநாட்டிலயிருந்து ஒராள் எடுத்தவர். அம்மா தனியாம், ஒரு நாய் வேணுமாம். எங்களுக்குப் புதுசா ஒரு படிவம் வந்திருக்கு. வயசை அடிச்சா என்ன சாதி நாய் எண்டு அதுவே காட்டுது. ஆனா எனக்கு நம்பிக்கையில்ல. நீங்க எப்பிடித் தெரிவு செய்தீங்க?"

"விழுந்துதான் புள்ள."

"பகிடி விடாதீங்க சேர்."

பகிடியில்லை என்று நான் சொல்லச் சொல்ல அவள் சிரித்தாள். கடைசியில், "அப்ப எழுதித் தாங்க, ஃபைலில போடுறன்" என்றாள். அதனால் எழுதுகிறேன். ஃபைலில் போடக்கூடிய மாதிரி வருமோ தெரியாது.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மலைநாட்டில் இரண்டு வருஷம் குளிரில் நடுங்கினேன், ஒரு பசுவிடம் உதை வாங்கினேன், சிங்களம் பழகினேன், திரும்பி வந்தேன். நாயைப் பற்றி அங்கே படித்தது ஒரேயொரு பின்னேரம். அதையும் மழை என்று பாதியில் விட்டுவிட்டார்கள்.

நாய் விஷயம் என் தலையில் வந்து ஏறியது கடைசிப் பத்து வருஷங்களில். பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், தாய் தகப்பன் இங்கே தனியாக. பிள்ளைகள் முதலில் கமரா பூட்டுவார்கள், பிறகு வேலைக்கு ஆள் பிடிப்பார்கள், ஆளும் நிற்காவிட்டால் "ஒரு நாய் இருந்தா நல்லம்" என்பார்கள். நாயென்றால் மிருக வைத்தியக் கந்தோர், கந்தோரென்றால் தங்கராசா. இப்படித்தான் ஆனது.

எங்கள் மேலதிகாரி டொக்டர் யோகராணி யாழ்ப்பாணத்துக்காரர். சின்ன உருவம், பெரிய குடை. ஏசவே மாட்டார். அவர் ஒருநாளாவது ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். பிழை விட்டவன் முன்னால் நிற்கும்போது லாச்சியைத் திறந்து ஒரு பென்சிலை எடுத்துச் சீவத் தொடங்குவார். சின்னப் பிழையென்றால் இரண்டு சுற்று. பெரிய பிழையென்றால் மேசையெல்லாம் தூள் பறக்கும். நாங்கள் நின்றபடி அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

நான் நாய் கொடுத்த முதல் ஆள் செல்லத்துரை அண்ணர், ஓய்வுபெற்ற பஸ் சாரதி, வயது எழுபத்தெட்டு. அவர் பெரிய நாய் கேட்டார். நான் ஒன்றரை வயது அல்சேஷன் கலப்பொன்றைத் தேடிப் பிடித்துக் கொடுத்து, கையெழுத்தும் வாங்கி ஃபைலை மூடினேன். மூன்றாம் நாள் காலை அந்த நாய் றோட்டில் ஒரு ஆட்டைக் கண்டது. நாற்பது வருஷம் ஸ்டியரிங்கை விடாத மனுஷன் சங்கிலியை விடுவாரா? ஒரு செருப்பு சங்கக் கடை வாசலில், மற்றது தேங்காய்க் கடையடியில், இடுப்புச் சாரம் யாரோ ஒருவரின் வேலிக் கம்பியில். நாங்கள் ஓடிப் போய்ப் பார்த்தபோது அண்ணர் வாவிக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். பக்கத்தில் நாய் நின்றது. ஆடு எங்கேயென்று யாருக்கும் தெரியாது.

"பிரேக் இல்லாத வண்டியை ஏன்டா தந்த?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். முழங்காலில் ஒரு சிராய்ப்பைத் தவிர அவருக்கு ஒன்றுமில்லை.

டொக்டர் சிரிக்கவில்லை. என்னைக் கூப்பிட்டு மூன்று கேள்வி கேட்டார். "அவர் கதிரையில இருந்து எழும்பேக்க எதைப் பிடிச்சு எழும்புறவர்? சாமான் தூக்கிறது எந்தக் கையால? நாயை ஆர் குளிப்பாட்டுறது?" நான் ஃபைலைத் திறந்து அண்ணரின் கையெழுத்தைக் காட்டினேன். பென்சில் கால்வாசி போய்விட்டது.

அன்றிலிருந்து ஒரு நடைமுறை வைத்தார். அதைக் கஜேந்தினிக்காக விளக்கமாகவே சொல்கிறேன்.

முதல் நாள் நாயைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது. ஆளைப் பார்க்கப் போக வேண்டும். தேத்தண்ணீர் தந்தால் குடிக்க வேண்டும், தராவிட்டால் கேட்டுக் குடிக்க வேண்டும், ஏனென்றால் தேத்தண்ணீர் போடப் போகும்போதுதான் ஆள் எப்படி எழும்புகிறார், எப்படி நடக்கிறார் என்று தெரியும். படலைக் கொளுக்கியைத் திறக்கும் விரல்களைப் பார்க்க வேண்டும். செருப்பு எங்கே கிடக்கிறது, பாய் எங்கே விரிக்கிறது, பக்கத்து வீட்டார் கூப்பிட்டால் கேட்குமா, எல்லாம் பார்க்க வேண்டும். "ஆள் எழும்புற வேகத்திலதான் நாயும் எழும்போணும், மிஸ்டர் தங்கராசா" என்பார் டொக்டர். குட்டி நாய் என்ற சொல்லையே அவருக்கு முன்னால் எடுக்க ஏலாது. வயது போனவருக்கு வயது வந்த நாய், நாலு வயதுக்கு மேல், அவ்வளவுதான்.

பிறகு நாயைச் சோதிக்கிறது. டொக்டரின் பெரிய குடையை நாய்க்கு முன்னால் படாரென்று விரிப்போம். அலுமினிய மூடியைச் சீமெந்தில் போடுவோம். பொல்லை ஊன்றிக்கொண்டு கிட்ட நடப்போம், அடி வாங்கி வளர்ந்த நாய் பொல்லைக் கண்டால் காட்டிக்கொடுத்துவிடும். சாப்பிடும்போது கோப்பையில் கை வைப்போம், அதற்கு மாட்டுக் கையுறை போட்டுக்கொள்வேன். எல்லாவற்றிலும் தேறிய நாய்க்குக் கடைசியாக ஒன்று. ஆள் விழுந்தால் நாய் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

"ஆர் டொக்டர் விழுறது?" என்று நான் கேட்டேன்.

"நீங்கள்தான். விழுங்கோ" என்றார்.

தடுப்பூசி போடும் நாளில், கந்தோர் வளவு நிறையச் சனம் நிற்கும்போது, பொல்லோடு நடந்து வந்து தடாரென்று விழுந்தேன். முதல் நாய் வேலியால் பாய்ந்து ஓடியது. இரண்டாவது என் நெஞ்சில் ஏறி நின்று மூக்கை நக்கியது. மூன்றாவது நிதானமாக வந்து, மணந்து பார்த்து, என் தோளில் காலைத் தூக்கியது. ஆட்டுக்கு மருந்து வாங்க வந்த ஏறாவூர் வியாபாரி ஒருவர், "அல்லாஹ், சேருக்கு என்னமோ ஆகிட்டு!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்து, கையிலிருந்த சோடாவை முழுப் போத்தலும் என் தலையில் ஊற்றினார். டொக்டர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே எழுதினார்: மூன்றாவது நாய், தகுதியில்லை. அதன் பிறகு என் உத்தியோக வாழ்க்கையில் நான் எத்தனை தரம் விழுந்தேன் என்று என் மனிசிக்கும் அவள் உவர்க்காரம் போட்டுத் தோய்த்த சேட்டுகளுக்கும்தான் தெரியும்.

இனிப் பரிமளம் மிஸியின் விஷயத்துக்கு வருகிறேன்.

மிஸி களுதாவளையில் இருந்தார். ஓய்வுபெற்ற குடும்பநல மருத்துவ மாது, ஊருக்கு மிஸி, அப்போது வயது எண்பத்தொன்று. வாவியின் இரண்டு கரையிலும் பிள்ளைப்பேறு பார்த்தவர். என்னையும் பிடித்தெடுத்தது அவர் கைதான். அதனால் நான் எவ்வளவு பெரிய உத்தியோகத்தனாக வெளிக்கிட்டுப் போனாலும், "உன்ட தலை அப்பவே கொஞ்சம் கோணல் மனே" என்றுதான் வரவேற்பார். மகனே என்பது எங்கள் பக்கத்தில் மனே.

அவருக்கு இடது காது கேட்காது. ஒரு தடவை கிணற்றடியில் விழுந்து, பால்காரன் வரும்வரை அப்படியே கிடந்திருக்கிறார். கனடாவிலிருந்த ஒரே மகள் வதனி, அன்றிலிருந்து தாயைத் தனியே விடுவதில்லை என்று நின்றாள். வேலைக்கு வைத்த மூன்று பேரையும் மிஸி கலைத்துவிட்டார். ஒருத்தி அரிசி களையத் தெரியாதவள், ஒருத்தி ஃபோனை விட்டுக் கை எடுக்காதவள், மூன்றாமவள் என்ன பிழை விட்டாள் என்று மிஸிக்கே நினைவில்லை. வதனி கடைசியாக ஒன்று சொல்லியிருந்தாள். கோயில் திருவிழாவுக்கு வருவாள். அதற்குள் ஒரு நல்ல நாய் வீட்டில் நிலைத்து, தாயைப் பார்த்துக்கொள்ளும் என்று அவள் கண்ணால் கண்டால் தாய் வீட்டில் இருக்கலாம். இல்லாவிட்டால் டவுனில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் சொல்லி வைத்தாயிற்று.

இதைச் சொல்லிவிட்டு மிஸி என் கையைப் பிடித்தார். "எத்தனை வீட்டில புள்ளையப் புடிச்சுக் கையில குடுத்திருப்பன். என்னையப் புடிச்சு இன்னொரு வீட்டில குடுக்க விட்டிராத மனே."

வேறு யார் கேட்டிருந்தாலும் பார்க்கலாம் என்று சொல்லியிருப்பேன். மிஸிக்கு, "நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டேன்.

டொக்டர் முதல் நாள் வந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகும்போது சொன்னார்: "நாலு தரம் எழும்பினவா. மூண்டு தரம் பொல்லு கதிரையிலயே கிடந்தது." உண்மைதான். பொல்லை எடுப்பது தன் மரியாதைக்குக் குறைவு என்பது மிஸியின் நினைப்பு.

அவசரத்தில் நான் என்ன செய்தேன்? டொக்டரிடம் சொல்லாமல், டவுனில் ஒருவரிடமிருந்து வெள்ளைப் பொமரேனியன் ஒன்றைக் கொண்டுபோய் விட்டேன். கனடா மகளுக்கு அழகாகத் தெரியும் என்று ஒரு கணக்கு. அது மிஸியின் காலைச் சுற்றிச் சுற்றி ஓடி, இரண்டு நாளில் இரண்டு தரம் அவரைத் தள்ளாட வைத்தது. சுழலும் மின்விசிறியைப் பார்த்து நாள் முழுக்கக் குரைத்தது. காய வைத்த மிளகாய்த் தட்டில் ஏறி இருந்துவிட்டு ஊரைக் கூட்டியது. "இந்தக் கூத்தாடியை முதலில கொண்டு போ" என்றார் மிஸி. கொண்டு போனேன். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கந்தோருக்கு வந்தபோது டொக்டர் புதுப் பென்சிலாக எடுத்தார்.

அடுத்த தடவை நான் வேறொரு நாயின் படத்தை ஃபோனில் காட்டினேன். மிஸி படத்தைப் பார்க்கவேயில்லை.

"தாய் ஆர்?"

"நாய்க்கா மிஸி?"

"நாய்க்குத்தான். ஒரு ஆம்பிள என்ட வீட்டுக்கு வாறான். தாயையும் தாய்ட வீட்டையும் பாக்காம எடுக்கிறதா? உனக்கு அப்பிடியா கலியாணம் பேசின?"

எங்கள் பகுதியில் வழக்கம் அது. பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவார்கள். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்துவிடுவான். போகுமுன் அவன் என்ன குடியென்று கேட்பார்கள். குடி என்பது தாய் வழியாக வரும் பரம்பரை. இரண்டு பேரும் ஒரே குடியென்றால் அவர்கள் கூடப் பிறந்தவர்கள் மாதிரி, அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இதை நான் டொக்டருக்கு விளக்கினேன். அவர் சிரிப்பாரென்று நினைத்தேன். குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டார். "குணம் கனக்கத் தாயிட்ட இருந்துதான் வரும். நாங்கள் தாயைப் பாக்காமல் விட்டது எங்கட பிழை. மிஸி சொல்லுறமாதிரியே செய்யுங்கோ."

பிறகென்ன, நான் அசல் கலியாணப் புரோக்கராகவே மாறினேன். படுவான்கரையில், அதாவது வாவியின் மேற்குக் கரையில், வவுணதீவுக்குப் போகும் வழியில் மூத்ததம்பி என்றொரு கமக்காரர் இருந்தார். அவருடைய மாடுகளுக்கு நான் வருஷக்கணக்காக மருந்து போட்டவன். அவர் வீட்டில் சிவலை என்று ஒரு நாய், நாலரை வயது, செம்பட்டை நிறம், ஒரு காது மடிந்தது. கன்றுகள் அதன் மேல் கால் வைத்துப் போனாலும் பேசாமல் கிடக்கும். தாய் நாய் வெள்ளைச்சியும் அதே வீட்டில்தான். மூத்ததம்பியின் குடியைக் கேட்டேன், மிஸியின் குடியையும் கேட்டேன். இரண்டும் வேறு வேறு. எனக்கு வந்த சந்தோஷத்தில், "டொக்டர், பொருத்தம் பிரமாதம்!" என்று கந்தோர் முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை மூன்று பேரும் வெளிக்கிட்டோம். மிஸி வெள்ளைச் சேலை உடுத்து, தட்டத்தில் வெற்றிலை பாக்கும் ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு மாரி பிஸ்கட் பக்கற்றும் எடுத்துக்கொண்டார். வாவியைக் கடக்கிற தட்டைப் படகை எங்கள் ஆட்கள் 'பாதை' என்பார்கள். மோட்டார் சைக்கிள், மீன்பெட்டி, பள்ளிக்கூட ரீச்சர்மார் எல்லாரும் அதில் ஏறியிருந்தார்கள். தட்டத்தைக் கண்ட மீன்காரி ஒருத்திக்குப் பொறுக்கவில்லை.

"என்ன மிஸி, மாப்பிள்ளை கேட்டுப் போறீங்களா?"

"ஓம்."

"ஆருக்கு மிஸி?"

"எனக்குத்தான்."

பாதை ஒரு பக்கமாகச் சரிந்துவிடுமோ என்று ஓட்டுபவர் பயந்து போனார், அவ்வளவு சிரிப்பு. மிஸி மட்டும் சிரிக்காமல் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். எனக்கு அன்றைக்கு இருந்த குதூகலத்தில் வாவித் தண்ணீரில் நடந்தே போயிருப்பேன்.

மூத்ததம்பி மினுக்கின சேட்டுப் போட்டுக்கொண்டு வயல்வட்டைக் கரையிலேயே நின்றார். அவர் மனைவி பூரணம் கதிரை துடைத்து வைத்திருந்தாள். மிஸி கதிரையில் இருக்கவில்லை. ஒரு பலகைக் கட்டையைக் கேட்டு வாங்கி, வெள்ளைச்சிக்குப் பக்கத்தில் இருந்து, வயிற்றைத் தடவத் தொடங்கினார்.

"எத்தினை ஈத்து?"

"நாலு மிஸி" என்றாள் பூரணம்.

"ஈண்டுபோட்டு ஆரையும் கடிச்சவளா?"

"இல்ல. பக்கத்து வீட்டுப் புள்ளையள் குட்டியத் தூக்கினாலும் பாத்துக்கொண்டு கிடப்பாள்."

"பால் குறைஞ்சதா?"

"இல்ல மிஸி."

டொக்டர் வெயிலுக்குக் குடையைப் பிடித்தபடி, வகுப்பில் நிற்கும் பிள்ளை மாதிரி அமைதியாக நின்று எல்லாவற்றையும் எழுதினார். மிஸி எழும்பினார். "பதட்டமில்லாத பொம்பிள" என்றார். வெள்ளைச்சிக்கு அதற்குமேல் நற்சான்றிதழ் தேவையில்லை.

சிவலை குடைக்கு ஒரு கண் சிமிட்டியது, மூடிச் சத்தத்துக்கு வாலை ஆட்டியது. பொல்லை மணந்து பார்த்தது. கோப்பையில் நான் கை வைத்தபோது பின்னுக்கு நகர்ந்து நின்றது. கடைசியில் நான் விழுந்தேன். விழுந்த இடத்தில் அன்றைய சாணம் கிடந்தது, பரவாயில்லை. சிவலை வந்தது, என் காதை மணந்தது, ஒரு கை தூரத்தில் குந்தியது. வீட்டுப் பக்கம் பார்த்து இரண்டே இரண்டு தரம் குரைத்தது. பூரணம் ஓடி வந்தாள். நான் சாணத்தோடு எழும்பிக் கூத்தாடினேன்.

"எல்லாம் சரி" என்றார் மிஸி. "என்ன குடி?"

நான் மூத்ததம்பியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். அவர் தொண்டையைச் செருமித் தன் குடியின் பெயரைச் சொன்னார். சொல்லி முடிக்குமுன் பூரணம் இடுப்பில் கையை வைத்தாள்.

"இஞ்ச, உங்கட குடியை என்னத்துக்குச் சொல்றீங்க? வீடு என்ட வீடு. வெள்ளைச்சி என்ட அம்மாட வீட்டிலயிருந்து வந்தவள். அவள்ர புள்ள என்ட குடி."

தன் குடியின் பெயரைச் சொன்னாள். அது மிஸியின் குடி.

தாய்வழி, தாய்வழி என்று யாழ்ப்பாணத்து டொக்டருக்கு விளக்கம் சொன்னவன், ஆம்பிளையின் குடியைக் கேட்டுக்கொண்டு வந்து நிற்கிறேன்! திருவிழாவுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. இன்னொரு நாய், இன்னொரு தாய், இன்னொரு வீடு எங்கே தேடுவது? மிஸி தட்டத்தைக் கையில் எடுத்தார். டவுனில் சொல்லி வைத்த அந்த அறையும் அதன் ஒற்றைக் கட்டிலும் என் கண்ணுக்கு முன்னால் வந்தன.

மிஸி நேரே பூரணத்திடம் போய்த் தட்டத்தை அவள் கையில் வைத்தார்.

"அப்ப நீ எனக்குத் தங்கச்சி. உன்ட வீட்டில பிறந்தவன் எனக்கு மகன் முறை. மாப்பிள்ளையெண்டா பிடிக்காட்டி அனுப்பிவிடலாம். மகனை அனுப்ப ஏலா. வாடா மனே."

சிவலை எழும்பி வந்தது. பிஸ்கட் பக்கற்றின் சத்தத்துக்குத்தான் வந்தது என்று டொக்டர் பிறகு சொன்னார், நான் அதை ஏற்கவில்லை. பூரணம் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். டொக்டர் என் பக்கம் சரிந்து, "மிஸ்டர் தங்கராசா, இதை எந்த நிரலில எழுதுறது?" என்று கேட்டார். திரும்பி வரும்போது பாதையில் சிவலை மிஸியின் செருப்பில் தாடையை வைத்துக்கொண்டு படுத்திருந்தது. மீன் விற்று முடித்த அதே மீன்காரி, "மாப்பிள்ளை நல்ல வடிவு மிஸி" என்றாள். "மாப்பிள்ளை இல்லடி, மகன்" என்று மிஸி திருத்தினார்.

ஊசிகள் போட்டோம், செய்ய வேண்டியதையெல்லாம் செய்தோம். நாய் வீட்டில் ஒட்டிக்கொண்டது. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. வதனி வரும்போது சிவலை பாடத்தை மறந்திருந்தால்? அதனால் தினமும் பின்னேரம் மிஸியின் வீட்டுக்குப் போய் ஒருதரம் விழுந்துவிட்டு வந்தேன். முதல் நாள் ஓடி வந்து குரைத்தது. மூன்றாம் நாள் நடந்து வந்து பார்த்தது. ஐந்தாம் நாள் கிடந்த இடத்திலிருந்தே தலையைத் தூக்கியது. "போதும் மனே, அதுக்கு உன்னைப் பாத்துச் சலிச்சிட்டு" என்றார் மிஸி. நான் கேட்டேனா? டொக்டர் கொழும்பில் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார், பென்சில் பயமும் இல்லை.

வதனி வந்தாள். அவளைப் பற்றி நான் மனதில் வைத்திருந்த படம் பிழை. பொல்லாத மகள் இல்லை அவள். வந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டு, "தங்கராசா அண்ணன், அம்மா விழுந்த நாளில இருந்து ஃபோன் அடிச்சாலே எனக்கு நெஞ்சு அடைக்குது. நான் என்ன செய்யிற, சொல்லுங்க" என்றாள். அவள் கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. எனக்கு அவள் மேலும் இரக்கமாகிவிட்டது, அதுதான் கரைச்சல்.

முற்றத்தில் எல்லாரும் இருந்தோம். டொக்டரும் திரும்பி வந்திருந்தார். மிஸி கதிரையில், பொல்லு அதில் சாத்தியபடி, சிவலை வேப்பமர நிழலில். வதனி அதைப் பார்த்தாள்.

"றோட்டு நாய்தானே அம்மா?"

"வாயைக் கழுவு. பூரணத்திட வீட்டுப் புள்ள அவன்."

"சரி. அம்மா விழுந்தா இது என்ன செய்யும்?"

"பாருங்க தங்கச்சி" என்றேன் நான், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. கிணற்றடிக்கு நடந்தேன். விழுவதற்கு நல்ல காய்ந்த இடம் ஒன்று பார்த்து வைத்திருந்தேன். அதற்கு இரண்டு அடிக்கு முன்னால் பாசி பிடித்த இடம் ஒன்று இருந்தது. நான் நினைத்த விழுகை வேறு, விழுந்த விழுகை வேறு. இடுப்பெலும்பு சீமெந்தில் பட்ட சத்தம் எனக்கே கேட்டது. "ஐயோ அம்மா!" என்று கத்தினேன்.

சிவலை ஒரு கண்ணைத் திறந்தது. என்னைப் பார்த்தது. கண்ணை மூடியது.

டொக்டரின் கை கைப்பைக்குள் போனதை நான் கிடந்த இடத்திலிருந்தே கண்டேன். வதனி மெதுவாக, "இதுதானா?" என்றாள். அந்தக் குரலில் கோபமில்லை, ஏமாற்றம்தான் இருந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மிஸிக்குக் கொடுத்த வாக்கை என் நடிப்பாசையால் நானே கெடுத்துவிட்டேன். இடுப்பு நோவைவிட அதுதான் அழுகையைக் கொண்டுவந்தது.

அப்போது மிஸி நிமிர்ந்தார். வாழ்நாள் முழுக்க நோவுச் சத்தம் கேட்டவர். ஒற்றைக் காது போதும் அவருக்கு. "இது மெய்யான சத்தம். அவன் மெய்யாத்தான் விழுந்திட்டான்!" என்றபடி எழும்பி என்னை நோக்கி நடக்கத் தொடங்கினார். பொல்லு கதிரையிலேயே கிடந்தது.

இரண்டாவது அடி வைக்கவில்லை. சிவலை வேப்பமரத்தடியிலிருந்து வந்து அவருக்குக் குறுக்கே நின்றது. குரைக்கவில்லை, பாயவில்லை. உடம்பை அவர் முழங்காலோடு அணைத்துக்கொண்டு நின்றது.

"தள்ளுடா, அவன் அங்க கிடக்கான்."

அசையவில்லை. மிஸி இடப்பக்கம் விலகினார், அதுவும் இடப்பக்கம் வந்தது. வலப்பக்கம் விலகினார், வலப்பக்கம் வந்தது. தலையைத் திருப்பிக் கதிரையைப் பார்த்தது, பிறகு மிஸியைப் பார்த்தது, மறுபடி கதிரையைப் பார்த்தது. மிஸி முணுமுணுத்துக்கொண்டு அதன் முதுகில் கையை ஊன்றிக் கிறுகிக் கதிரைக்குத் திரும்பினார். பொல்லை எடுத்தார். உடனே சிவலை விலகி வழி விட்டது. பிறகு அவருடைய அடிக்கு அடி, அவர் நின்றால் நின்று, பாசியுள்ள பக்கத்தைத் தான் எடுத்துக்கொண்டு, கிணற்றடிவரை கூட்டி வந்தது.

இதை யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பத்து நாளாக நான் விழுந்து கூத்தாடிக்கொண்டிருந்தபோது அது மிஸியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

"இதை நாங்கள் சோதிக்கேல்லை" என்றார் டொக்டர். கைப்பையிலிருந்து அவர் எடுத்தது பென்சிலில்லை, கைலேஞ்சி. மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

வதனி திண்ணைக் குந்தில் இருந்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள், இரண்டையும் நிறுத்த முடியாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். மிஸி என் இடுப்பை அமுக்கிப் பார்த்து, "முறியல்ல. கத்தாத" என்றார். அவர் பக்கத்தில் நின்ற சிவலை இப்போதுதான் பெரிய மனது பண்ணி என் காதை ஒருதரம் மணந்தது.

வதனி எழும்பி வந்தாள். என்னைத் தாண்டிப் போய், நாய்க்கு முன்னால் முழங்காலில் இருந்து, மடிந்த காதை நிமிர்த்திவிட்டாள். அது திரும்பவும் மடிந்தது.

"அம்மா, தம்பிக்குப் பின்னேரம் என்ன சாப்பாடு?"

"சோறும் மீனும்" என்றார் மிஸி. "முள்ளெடுத்துக் குடு."